தொட்டி மண் காயட்டும், பூச்சி போய்விடும்

செடி வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு நெல்லை நர்சரிக்காரர் ஒருவர் பதில் சொல்லும் பகுதி. இந்த மாதம் வீட்டுக்குள் வைக்கும் பாம் செடிகளைப் பற்றி.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது சொந்தக்காரர்கள் இரண்டு அரேகா பாம் வாங்கித் தந்தார்கள். தார்சாவில் சோபாவுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவேன். அரிசி களைந்த தண்ணீரும் அதற்குத்தான். ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து கொசு மாதிரிக் கறுப்பாகச் சின்னப் பூச்சி வீடெல்லாம் பறக்கிறது. காபி டம்ளரில் விழுகிறது, ராத்திரி செல்போனை எடுத்தால் முகத்தில் வந்து மோதுகிறது. கொசு மருந்து அடித்தால் அன்றைக்கு மட்டும் குறைகிறது. கைக்குழந்தை இருக்கிற வீடு. டெங்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அத்தை, "செடியைத் தூக்கி வெளியே போடு" என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, பெருமாள்புரம், பாளையங்கோட்டை

பதில்: முதலில் பயத்தை விடுங்கள், தங்கச்சி. அது கடிக்கிற பூச்சி இல்லை, குழந்தையை ஒன்றும் செய்யாது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு தேங்கின தண்ணீரில் வளரும். இது ஈர மண்ணில் வளரும். காளான் வளர்ப்பவர்கள் இதைக் காளான் ஈ என்பார்கள். அவர்கள் கொட்டகையில் இதோடு மல்லுக்கட்டுவது வருஷம் முழுக்க நடக்கிற வேலை. ஆனால் ஒன்று. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் நின்றால் அங்கே ஏடிஸும் முட்டையிடும். அதனால் தட்டில் தண்ணீர் இருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் கொட்டிவிடுங்கள்.

அத்தையிடம், செடிமேல் குற்றமில்லை என்று சொல்லுங்கள். அந்தப் பூச்சி இலையைத் தேடி வரவில்லை. மண்ணின் மேல்பகுதி எப்போதும் நனைந்தே இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தின்னத்தான் வருகிறது. மேல்மண்ணில் முட்டையிடும். மூன்று நான்கு நாளில் புழு வரும். அந்தப் புழு இரண்டு வாரம் போல மண்ணுக்குள் பூஞ்சணத்தையும் மக்கினதையும் தின்றுகொண்டு கிடக்கும். பெருகிவிட்டால் செடியின் சல்லி வேரையும் கடிக்கும். அப்புறம் கூட்டுப்புழுவாகி, பூச்சியாகிப் பறக்கும். பறக்கிற பூச்சிக்கு ஆயுசு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்குள் ஒரு பெண் பூச்சி நூறு, இருநூறு என்று முட்டையிட்டுவிடும். முட்டையில் ஆரம்பித்து அடுத்த முட்டை வரைக்கும் மூன்றிலிருந்து நான்கு வாரம்.

நீங்கள் அடித்த மருந்து ஏன் ஒரு நாளோடு நின்றது என்பது இதிலேயே இருக்கிறது. பறக்கிறதைத்தான் கொன்றீர்கள். மண்ணுக்குள் இருந்தது மறுநாள் பறந்து வந்தது.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். உருளைக்கிழங்கை அரை விரற்கடை கனத்தில் வில்லையாக வெட்டி, வெட்டின பக்கம் மண்ணில் படும்படி தொட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மெதுவாகத் தூக்கி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி நூல் மாதிரி, கால் அங்குலத்துக்கும் குறைவாகப் புழு நெளியும். உடம்பு வெளுப்பு, உள்ளே தின்றது கூடத் தெரியும். தலை மட்டும் பளபளவென்று கறுப்பு. அந்தக் கறுப்புத் தலைதான் அடையாளம். தலை கறுப்பாக இல்லையென்றால் வேறு புழு. வில்லையில் ஒட்டினதை அப்படியே வழித்து சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுப் புது வில்லை வைக்கலாம். அதனால் எல்லாம் தீர்ந்துவிடாது, ஆனால் எந்தத் தொட்டியில் அதிகம் என்று தெரிந்துபோகும்.

சரி, இப்போது தண்ணீருக்கு வருவோம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. பாம் என்றால் தண்ணீர் நிறையக் குடிக்கும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. தென்னையையும் வாழையையும் பார்த்து வளர்ந்த ஊர் இல்லையா, நெல்லையில் தண்ணீர் ஊற்றுவதை யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். அரேகாவும் ஈரம் விரும்புகிற செடிதான், மடகாஸ்கரில் இருந்து வந்தது. ஆனால் வெயில் படாத தார்சாவில், மழைக்காலத்தில், ஜன்னல் சாத்தின வீட்டில் அது குடிக்கிற தண்ணீர் மிகக் குறைவு. சித்திரையில் மொட்டை மாடியில் நிற்கிற செடிக்கு ஊற்றுகிற கணக்கில் கார்த்திகையில் வீட்டுக்குள் ஊற்றினால் மண் காயவே காயாது.

தினமும் ஒரு செம்பு என்ற கணக்கை இன்றோடு நிறுத்துங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் தண்ணீர் கிடையாது. காய்ந்து உதிர்ந்தால் மட்டும் ஊற்றுங்கள்; ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளியேறும் வரைக்கும் ஊற்றிவிட்டு, வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். அது ஐந்து நாளுக்கு ஒருமுறை வருமா, பத்து நாளுக்கு ஒருமுறையா என்பதைத் தொட்டி சொல்லும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. தூக்கிப் பார்க்க முடிகிற தொட்டி என்றால் கனத்தை வைத்தே தெரிந்துவிடும். மேல் இரண்டு அங்குலம் காய்ந்தால் அங்கே இருக்கிற முட்டையும் புழுவும் பிழைக்காது, புதிதாக முட்டையிடவும் பூச்சி வராது. கீழே வேர் இருக்கிற இடத்தில் ஈரம் இருக்கும், செடி வாடாது. ஒட்டுமொத்தத் தொட்டியையும் எலும்பாகக் காயப்போட்டுவிட வேண்டாம், அரேகா அதைத் தாங்காது. இலை நுனி கருகிக்கொண்டே வரும்.

அரிசி களைந்த தண்ணீரை நிறுத்துங்கள். இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு வருத்தம். கழுநீர் நல்லதுதான், வெளியே முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் தாராளமாக ஊற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கிற தொட்டியில் அந்த மாவுச்சத்து மேல்மண்ணில் தங்கிப் புளித்து, பூஞ்சணத்துக்குச் சோறு போட்டு வளர்க்கிறது. டீத்தூள், வெங்காயத் தோல், புளித்த மோர், ஜீவாமிர்தம் எல்லாமே இந்த வகைதான். வீட்டுக்குள் இருக்கிற பாமுக்கு வெறும் தண்ணீர் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி நன்கு மக்கின மண்புழு உரத்தை மண்ணோடு கிளறிவிடுங்கள், மேலே தூவி வைக்காதீர்கள்.

இனி அந்த வெள்ளைப் பீங்கான் தொட்டி. கையை உள்ளே விட்டுப் பாருங்கள், அநேகமாக நர்சரியில் தந்த கறுப்புக் கவரோடு செடி அப்படியே உள்ளே நிற்கும். பீங்கானில் துளை இருக்காது. வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். செடியைக் கவரோடு தூக்கினேன். தொட்டிக்கு அடியில் நான்கு விரற்கடை கறுத்த தண்ணீர், அங்கணக்குழி நாற்றம். வேரைப் பிடித்து லேசாக இழுத்தால் தோல் கழன்று கையோடு வந்தது, நடுவில் நரம்பு மட்டும் நின்றது. வேரழுகல் என்றால் அதுதான். அந்த வீட்டுக்காரர்கள் இலை மஞ்சளாகிறது என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன, வேர் அழுகினாலும் செடி வாடித்தான் நிற்கும், தாகத்தில் வாடுகிற மாதிரியே. இந்த அழுகலைப் பரப்புவதிலும் அந்தப் பூச்சிக்குப் பங்கு உண்டு. பூஞ்சணத்தின் விதையை ஒரு தொட்டியில் இருந்து இன்னொரு தொட்டிக்குக் கொண்டுபோகும்.

உங்கள் செடியை எடுத்துப் பாருங்கள். வேர் வெளுப்பாக, உறுதியாக இருந்தால் நல்ல காலம். துளை உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் மாற்றி நட்டு, அதைப் பீங்கானுக்குள் ஒரு ஓட்டுத்துண்டின் மேல் உட்கார வையுங்கள். தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்கு வெளியே எடுத்து ஊற்றி, வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். மாற்றி நடும்போது பழைய மேல்மண்ணை இரண்டு அங்குலம் வழித்துத் தூரப் போடுங்கள். புழுவில் பெரும்பங்கு அதில்தான் இருக்கும். புது மண் கலவைக்குச் செம்மண் ஒரு பங்கு, அலசின தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு. நார்க்கழிவை மட்டும் நிரப்பினால் கனமில்லாமல் அழகாக இருக்கும், ஆனால் நனைந்த துணி போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணலுக்காகத் தாமிரபரணியில் போய் அள்ளாதீர்கள். வீடு கட்டினபோது மிஞ்சின எம்-சாண்டைச் சலித்து, மாவை அலசிவிட்டுக் கரட்டைப் பயன்படுத்தலாம்.

அதே கரட்டை மேல்மண்ணுக்கு மேலும் முக்கால் அங்குலம் பரப்புங்கள். சீக்கிரம் காயும், பூச்சிக்கு முட்டையிட ஈரம் கிடைக்காது. ஆனால் மணல் மேலே காய்ந்து, கீழே சேறாக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. விரலை மணலுக்குக் கீழே விட்டுத்தான் பார்க்க வேண்டும். அடித்துளை வழியாகவும் பூச்சி வரும், போகும். அதற்கு ஒரு துண்டு கொசுவலையைத் துளைக்கு உள்பக்கம் வைத்துவிடுங்கள்.

பறக்கிறதுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. உரக்கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெயை மெழுகி, மண்ணை ஒட்டினாற்போல் படுக்க வையுங்கள். ஆளுயரத்தில் தொங்கவிட்டுப் பயனில்லை, அது அவ்வளவு பறக்கிற பூச்சி இல்லை; தொட்டியைச் சுற்றியே திரியும். பொறியால் பூச்சி ஒழியாது. ஆனால் வாரம் ஒருமுறை எத்தனை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியும்.

மண்ணுக்குள் இருக்கிற புழுவுக்கு நான் முதலில் சொல்வது வேப்பெண்ணெய்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது கரைய நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி உடனே மண்ணில் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றவேண்டிய முறை வருகிற அன்றைக்கு, தண்ணீருக்குப் பதிலாக இதை ஊற்றுங்கள். புழு உடனே சாகாது. தோலுரித்து வளர முடியாமல் போகும். வாடை ஒரு நாள் இருக்கும், பாப்பா இருக்கிற அறையில் இருந்து அன்றைக்கு மட்டும் தொட்டியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வேப்பம்புண்ணாக்கும் வேலை செய்யும். ஆனால் அதைப் பொடித்து ஈரமண்மேல் தூவினால் அதிலேயே வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும், பூச்சிக்கு விருந்து. ராத்திரி ஊறவைத்து வடிகட்டின தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

மருந்துக்கடையில் விற்கிற ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். புழு மிக அதிகமாக இருந்தால் ஒரு தடவை ஊற்றலாம். பாட்டிலில் சதவீதத்தைப் பாருங்கள்: 3 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், 6 சதவீதம் என்றால் ஒன்பது பங்கு. மண்ணில் நுரைக்கும், பட்ட புழு சாகும். நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து சாகும் என்பதால் வாராவாரம் ஊற்றுகிற பழக்கம் வேண்டாம்.

கார்த்திகை முழுக்க இதை விடாமல் செய்யுங்கள். இரண்டாவது வாரத்தில் குறைந்துவிட்டது என்று பழைய செம்பை எடுத்தால் மண்ணில் மிச்சமிருக்கிற முட்டை பொரித்து மறுபடியும் அதே கதைதான். முடிந்தால் தொட்டிகளைக் கிழக்கு ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் மண் தானாகக் காயும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாம் செடி இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது. ஆனால் அடுக்களையிலும் குளியலறையிலும்தான் அதிகம். செடியில் இருந்துதான் வருகிறதா?
வாசகர், தென்காசி

பதில்: சுவரில் உட்கார்ந்திருக்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். இறக்கை அகலமாக, சாம்பல் நிறமாக, ரோமம் படர்ந்து, குட்டி அந்துப்பூச்சி போல இருந்தால் அது சாக்கடை ஈ. அங்கணக்குழியிலும் வடிகால் குழாயிலும் படிந்த வழுவழுப்பில் வளர்வது. பிரஷ்ஷால் குழாயின் உள்பக்கத்தைத் தேய்த்து அந்த வழுவழுப்பை எடுக்காமல் போகாது. வெறுமனே கொதிநீர் ஊற்றினால் மேலாகத்தான் போகும். பழத்தைச் சுற்றுவது, உடம்பு பழுப்பாக, கண் சிவப்பாக இருந்தால் பழ ஈ. செடியில் வருகிறது மெலிந்து, கறுத்து, கால் நீண்டு, தொட்டியைத் தட்டினால் மண்ணில் இருந்து எழும்பும். சாரல் காலத்தில் உங்கள் ஊரில் மூன்றுமே ஒரே வீட்டில் இருக்க வாய்ப்புண்டு. எது எதுவென்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: இந்தப் பூச்சிக்கு பி.டி. என்ற பாக்டீரியா மருந்து நல்லது என்று கேள்விப்பட்டு, உரக்கடையில் வாங்கி மூன்று வாரம் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. போலி மருந்தா?
வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: போலியாக இருக்காது, வேறு ரகமாக இருக்கும். டப்பாவை எடுத்துப் படியுங்கள். "குர்ஸ்டாகி" என்று போட்டிருந்தால் அது காய்ப்புழு, இலை தின்னும் புழுக்களுக்கானது. கத்தரிக்கும் முட்டைக்கோசுக்கும் அடிப்பது. ஈ, கொசு இனத்துப் புழுவை அது ஒன்றும் செய்யாது. உங்களுக்கு வேண்டியது "இஸ்ரேலென்சிஸ்". கொசுப்புழுவை ஒழிக்கத் தேங்கின தண்ணீரில் விடுகிற மருந்து இதுதான். புதுச்சேரியில் இருக்கிற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதில் நம் நாட்டுக்கென்றே ஒரு ரகத்தை உருவாக்கியிருக்கிறது. உரக்கடையில் இல்லையென்றால் கொசு ஒழிப்பு மருந்து விற்கும் இடத்தில் கேளுங்கள்.

புழு அதைத் தின்றால்தான் சாகும். முட்டையையும் கூட்டுப்புழுவையும் பறக்கிற பூச்சியையும் அது தொடாது. மண்ணில் நெடுநாள் நிற்கவும் செய்யாது. அதனால் வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் ஊற்ற வேண்டும். அளவு டப்பாவில் உள்ளபடி. மனிதருக்கும் ஆடு மாடு, நாய் பூனைக்கும் தீங்கில்லாதது என்பதால் எனக்கு இதில் நல்ல திருப்தி.

கேள்வி: வயலுக்கு வாங்கின குருணை மருந்து மிச்சம் இருக்கிறது. வீட்டில் இருக்கிற பாம் தொட்டிக்கு ஒரு சிட்டிகை போட்டால் பூச்சி எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். போடலாமா?
வாசகி, சேரன்மகாதேவி

பதில்: போடாதீர்கள், தாயி. கையால் தொடவும் வேண்டாம். கார்போஃபியூரான் குருணை சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே ஆளைச் சாய்க்கிற விஷம். மூடின வீட்டுக்குள், பிள்ளைகள் மண்ணைக் கிளறுகிற தொட்டியில், பூனை வந்து புரளுகிற இடத்தில் அது கிடக்கக் கூடாது. மிச்சமிருப்பது போரேட் குருணையாக இருந்தால் இன்னும் மோசம். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதை நாட்டிலேயே தடை செய்துவிட்டார்கள். முன்பு வீட்டு மூலைகளில் அடித்துக்கொண்டிருந்த டைக்குளோர்வாஸுக்கும் அதே தேதியில் தடை. பழைய பாட்டில் பரண்மேல் கிடந்தால் எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

கடிக்காத, மனிதருக்கு நோய் பரப்பாத ஒரு பூச்சிக்காக வீட்டுக்குள் விஷத்தைக் கொண்டு வருவது எனக்குப் பொறுக்காத விஷயம். மிச்ச மருந்தைக் கிணற்றிலும் வாய்க்காலிலும் கொட்டிவிடாதீர்கள். பூட்டி வைத்துவிட்டு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் போய் எப்படி ஒழிப்பது என்று கேளுங்கள். மாமாவிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு பாமை வைத்துப் பூச்சியோடு சண்டை போடுவதற்கு, நம் பனையையே தொட்டியில் வளர்க்கலாமே. பனங்கொட்டை ஊன்றியிருக்கிறேன். வருமா?
வாசகர், சாத்தான்குளம்

பதில்: முளைக்கும், ஆனால் தொட்டியில் நிற்காது. கொட்டையில் இருந்து முதலில் வருவது இலை இல்லை. கீழ்நோக்கி இறங்குகிற முளை. அதுதான் நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்கிற கிழங்கு. தேரி மணலில் அது தங்குதடையில்லாமல் ஆழத்துக்கு இறங்கும். தொட்டியில் அடி தட்டிச் சுருண்டு நின்றுவிடும். மேலும் பனைக்கு முழு வெயில் வேண்டும், வீட்டுக்குள் அதற்கு வேலையில்லை. கொட்டைகளை எடுத்து, மழை ஈரம் இருக்கும்போதே உங்கள் ஊர்க் குளத்துக் கரையில் ஊன்றிவிடுங்கள்.

வீட்டுக்குள் பாம்தான் வேண்டும், தினமும் கவனிக்க முடியாது என்றால் ராஃபிஸ் வாங்குங்கள். விசிறி போல இலை விரியும், குறைந்த வெளிச்சத்திலும் நிற்கும், மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். எந்த நர்சரியில் வாங்கினாலும், என்னிடமே வாங்கினாலும், நேராக வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மூன்று வாரம் முற்றத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ தனியாக வைத்து, மண்ணில் உருளைக்கிழங்கு வில்லை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள்.